நான்கு தலை

ஜூன் 24, வியாழன். கன்னியர் மடம், விருந்தினர் அறை

நான் காணாமல் போகவில்லை. ஊரில் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பங்குச் சாமியார் பூசையில் எனக்காக நன்றி மன்றாட்டு சொன்னபோதும் "காணாமல் போன நம் சகோதரி" என்றாராம். காணாமல் போவதென்றால் இருந்த இடத்தை விட்டு நகர வேண்டும். நான் விட்டுச் செல்லப்பட்ட இடத்திலேயே ஒன்பது நாள் இருந்தேன். தேடி வந்திருந்தால் கால் மணி நேரத்தில் கண்டிருக்கலாம், தீவு அவ்வளவுதான்.

நான் ஆடுகளோடு பேசினேன் என்கிறார்கள். அதுவும் பிழை. ஆடுகள்தாம் முதலில் பேசின. அறிமுகமாகாதவர்களிடம் வலியப் போய்ப் பேசும் பழக்கம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. இந்த மடத்துப் பள்ளியில் பதினொரு வருஷம் படித்தவர்களுக்கு அது வராது.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் குடை இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

கீழே உள்ளவை தீவில் பென்சிலால் எழுதியவை, கடைசி நாளை மட்டும் இங்கே வந்து எழுதினேன். இன்று மைப்பேனாவால் படி எடுக்கிறேன். கை நடுங்கிய எழுத்துகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். தவறான செய்திகளை அப்படியே விட்டிருக்கிறேன். அவற்றைப் பின்னால் நானே திருத்தியிருப்பதைப் படிப்பவர் காண்பார்.

எஸ்கொலாஸ்திகா மிராந்தா. வயது அறுபத்தெட்டு. சங்கு வியாபாரி சவேரியான் மிராந்தாவின் விதவை.

ஜூன் 13, ஞாயிறு. குருசுத்தீவு

அந்தோனியார் திருநாள். கரையிலிருந்து பாய்மரத் தோணியில் இரண்டு மணி நேரம். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் இங்கே ஜனம் வருகிறது. காலையில் பூசை, மதியம் அசனம் என்னும் பொதுப் பந்தி, அந்திக்குள் எல்லோரும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

நோய், வழக்கு, பிரசவம் என்று நேர்ந்துகொண்டவர்கள் ஆடு கொண்டுவருவார்கள். சில ஆடுகள் அசனப் பானைக்குப் போகும். உயிரோடு நேர்ந்த ஆட்டுக்கு மாலை போட்டு, வேண்டுதலை அதன் காதில் சொல்லி, தீவிலேயே விட்டுவிடுவார்கள். அதைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. இந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று. பழுப்பு நிறக் கிடாய். வேண்டுதல் என் மருமகள் ஜெசிந்தாவுடையது. ஆட்டின் காதில் நெடுநேரம் சொன்னாள். என்ன என்று நான் கேட்கவில்லை. மருமகளின் ஜெபத்தில் தலையிடுவது என் வழக்கமன்று.

அசனச் சோறு அரை வேக்காடு. வேகவைத்தது ஜெசிந்தாவின் பொறுப்பு. நான் அதைச் சொன்னேன். சொன்ன நேரத்தில் பந்தியில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தது என் குற்றமன்று. ஜெசிந்தா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். "ஒரு நாளாச்சும் விட்டுருங்களேன்மா" என்றான் என் மகன் கஸ்பார். சோற்றைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கோயிலின் பின்புற நிழலில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னை அழைத்துப் போக யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். அழைக்காமல் கரைக்குப் போய்க் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கமில்லை.

தோணியில் ஏறும்போது குடும்பத்தின் ஆண் ஒருவர் தண்டலிடம் "இத்தனை தலை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பாரம் பார்ப்பதற்காக ஆடும் தலையில் சேரும். தோணியை ஓட்டும் தண்டல் தானாக எண்ணமாட்டார். பெண்கள் இருக்கும் பக்கம் திரும்பி எண்ணுவது மரியாதையில்லை என்பது அவர்கள் முறை. வரும்போது கஸ்பார் "அஞ்சு தலை" என்றான். நான், அவன், ஜெசிந்தா, பேத்தி லில்லி, ஆடு. திரும்பும்போது ஆடு இல்லாமல் நான்கு.

நான் கரைக்குப் போய்ப் பார்த்தபோது எங்கள் தோணி பாய் விரித்திருந்தது. லில்லியின் மடியில் ஆட்டின் தலை தெரிந்தது. குழந்தைக்குப் பின்னாலேயே ஓடி ஏறியிருக்கிறது. கஸ்பார், ஜெசிந்தா, லில்லி, ஆடு. நான்கு தலை சரியாகத்தான் இருக்கிறது.

கஸ்பார் கரையைப் பார்த்தான். குடையை ஆட்டினேன். சூரியன் அவன் கண்ணில் அடித்திருக்கும். அந்தி நேரத்தில் எண்ணிக்கை பிசகுவது யாருக்கும் நேரக்கூடியது. காலையில் வந்துவிடுவார்கள்.

ஜூன் 14, திங்கள்

வரவில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. இந்தக் காற்றில் தோணி எடுக்கமாட்டார்கள். காரணம் அதுதான்.

கோயிலைப் பெருக்கினேன். பீடத் துணியில் மெழுகு. பின்னால் உள்ள ஓலைக் கொட்டகையில் அசனத்தில் மிஞ்சிய அரிசி அரைச் சாக்கு, பதினேழு தேங்காய், ஒரு மண்பானை, தீப்பெட்டி. பூசைக்குக் கொண்டுவந்த குடிதண்ணீரில் இரண்டு பாட்டில்.

மணல் மேட்டுக்குப் பின்னால் ஓர் ஊற்று இருக்கிறது. முழங்கால் ஆழம். தெளிந்த தண்ணீர். முகம் கழுவக் கையை விட்டேன்.

"அது குடிக்கிற தண்ணி. மொகம் கழுவ அம்புட்டுக் கடல் கெடக்கு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். ஆள் இல்லை. முன்னங்கால் ஒன்று சூம்பிய கறுப்பு ஆடு நின்றது. ஆடு பேசியது எனக்கு வியப்பளித்தது என்பதை மறுக்கவில்லை. என்னை 'நீ' என்று அழைத்தது அதைவிட வியப்பு.

"நீ எதுக்கு?" என்றது.

"எதுக்குன்னா?"

"எதுக்கு நேந்து விட்டாவ?"

"நான் ஆடு இல்ல."

"அது தெரியுது. ஆடுன்னா குடிக்கிற தண்ணியில கைய முக்காது."

மரியாதையாகப் பேசும்படி சொன்னேன். அது மறுபடியும் 'நீ' என்றது. வேண்டுமென்று செய்யவில்லை, அவர்களுக்கு ஒரே சொல்தான் உண்டு என்று பிறகு தெரிந்தது. குட்டிக்கும் கிழட்டு ஆட்டுக்கும் அந்தோனியாருக்கும் 'நீ'தான்.

அதன் பெயர் காமாலை. அதை வளர்த்த மீன்காரருக்கு மஞ்சள்காமாலை வந்து தீர்ந்ததற்காகக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒற்றைக் கொம்புக் கிடாயின் பெயர் வழக்கு. இன்னொன்று தலைப்பிரசவம். இன்னொன்று இருமல். காதில் எது சொல்லப்பட்டதோ அதுவே பெயர். இருபத்தைந்து ஆடுகள். எங்கள் ஊரின் கஷ்டமெல்லாம் நான்கு காலில் மேய்ந்துகொண்டிருந்தது.

"ஊத்து இருபத்தாறு வாய்க்குத்தான் தாங்கும்" என்றது காமாலை. "நேத்து வந்தவன் திரும்பிப் போயிட்டான். அவன் எடத்துக்கு நீ வந்திருந்தா உனக்குத் தண்ணி உண்டு. சும்மா வந்த ஆளுன்னா இல்ல."

"சும்மா வந்தவதான். என் மகன் நாளைக்கு வந்துருவான்."

"சரி. நாளை வரைக்கும் தாகமா இரு" என்றது. அதில் கோபமோ கேலியோ இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 15, செவ்வாய்

கச்சான் காற்று. யாரும் வரவில்லை. பாட்டில் தண்ணீர் ஒன்றரை.

ஜூன் 16, புதன்

தண்ணீர் அரைப் பாட்டில். தேங்காயை உடைக்கக் கல் தேடுவதற்கே அரை நாள் போய்விடுகிறது. இளநீர் அல்ல, முற்றிய தேங்காய். உள்ளே இருப்பது இரண்டு மடக்கு.

செய்ய வேறு வேலை இல்லாததால் ஆடுகளைக் கவனித்தேன். மரத்தில் முன்னங்கால் வைத்து எட்டக்கூடியவை தாழ்ந்த கிளையைத் தொடுவதில்லை. அது நொண்டிகளுக்கும் கிழடுகளுக்கும். காவல் இல்லை, வேலி இல்லை. ஒரு வாலிபக் கிடாய் நேற்றுத் தாழ்ந்த கொப்பில் வாய் வைத்தது. யாரும் அதட்டவில்லை. எல்லாம் மேய்வதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தன. அது வாயில் இருந்ததைத் துப்பிவிட்டது.

ஊற்றில் யாருக்குத் தாகம் அதிகமோ அது முதலில் குடிக்கிறது. நாக்கைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் முதல் வரிசை மிராந்தா குடும்பத்துக்கு, என் மாமனார் காலத்திலிருந்து. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் வலைக்காரர்கள். அதில் எது நியாயம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. வழக்கு கேட்டது.

"முன்னால உக்காந்தா சாமி சத்தமாக் கேக்குமா?"

"அது குடும்ப மரியாத."

"அப்ப பின்னால இருக்கவனுக்குச் சாமி கேக்கலன்னா?"

பதில் சொல்லத் தொடங்கினேன். காமாலை தடுத்தது. இங்கே கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது. மாலையில் கேட்டால் காலையில்தான் சொல்ல வேண்டும், இரவு முழுக்க அசைபோட்ட பிறகு. எங்கள் வீட்டில் இந்த முறை இருந்திருந்தால் நாங்கள் பேசிய பேச்சில் பாதி பேசப்பட்டிருக்காது.

கோயிலுக்குள் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. விரட்டினேன். "இது ஆண்டவர் வீடு" என்றேன்.

"உள்ள நிக்கவன் எங்களப் போன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றது ஒன்று, அந்தோனியார் சுரூபத்தைக் காட்டி. எழுந்து போய்விட்டன. மரியாதைக்காகப் போனதுபோல் தெரியவில்லை. நோயாளியோடு வாதாட வேண்டாம் என்று போனதுபோல் இருந்தது.

மாலை. தண்ணீர் தீர்ந்தது. ஊற்றுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நான் நேர்ச்சைதான்."

"எதுக்கு?"

"பேத்திக்குக் கக்குவான் இருமல். அதுக்கு."

"காலையில சொல்லுதோம்" என்றது காமாலை. அதுவரைக்கும் குடிக்க நாலு மடக்கு விட்டார்கள்.

ஜூன் 17, வியாழன்

எல்லா ஆடும் ஊற்றருகே நின்றன. வழக்கு பேசியது. ஏழு வருஷம் நீதிமன்றத்துக்கு அலைந்த வீட்டில் வளர்ந்தது அது. பேச்சும் அப்படித்தான்.

"நீ சொன்னது செல்லாது. அந்தப் பழுப்புக் கிடாய் காலையிலேருந்து அந்தி வரைக்கும் இங்கன எங்களோட நின்னான். அவன் காதுல என்ன சொன்னாவன்னு எங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போனான். கக்குவான் இருமல் இல்ல."

வழக்கு தொடர்ந்தது.

"எங்க எல்லாத்துக்கும் ஒரு கொறை உண்டு. எனக்குக் கொம்பு. இவளுக்குக் கால். நேரும்போது கொழுத்த கிடாயச் சொல்லுவாவ. நோவு தீந்ததும் தேறாத ஒண்ண இழுத்துட்டு வந்து விடுவாவ. அவனுக்கு ஒரு கொறையும் இல்ல. பல்லு வரைக்கும் பாத்தோம். அதுவும் வேண்டுதல் பலிக்குமுன்னாலயே கொண்டு விட்டிருக்காவ. இம்புட்டு வருசத்துல இதான் மொத." நிறுத்திச் சொன்னது: "கேட்டவளுக்கு அது ரொம்ப வேணும் போல."

"என்ன கேட்டா?" என்றேன். குரல் சரியாக வரவில்லை. தண்ணீர் போதாததால்.

"வூட்டுல சமாதானம் வேணும்."

"யாரால சமாதானம் இல்லன்னு சொன்னாளா?"

"பேரு சொல்லல."

ஜெசிந்தா பெயர் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

"அந்தப் பேர ஏத்துக்கிட்டா இருபத்தாறாவது வாய் உனக்கு" என்றது காமாலை. "இல்லன்னா இல்ல. அவசரமில்ல. நாளைக்குச் சொல்லு."

நாளை வரை காத்திருக்கும் நிலையில் நாக்கு இல்லை. அங்கேயே சொன்னேன். அறுபத்தெட்டு வருஷமாக நான் எஸ்கொலாஸ்திகா. இன்று காலை ஏழு மணி சுமாருக்கு, ஒரு வாய்த் தண்ணீருக்காக, சமாதானம்.

முதலில் குடிக்க விட்டார்கள். என் நாக்கைப் பார்த்துவிட்டு.

ஜூன் 18, வெள்ளி

பதின்மூன்றாம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம்.

தீவு ஊர்க்கரைக்குக் கிழக்கே இருக்கிறது. தோணி மேற்கே போனது. கஸ்பார் திரும்பிப் பார்த்தது கிழக்கே. சூரியன் அவனுக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. நான் வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன்.

இன்னொன்று. நான்கு வரை எண்ணுவதற்கு வெளிச்சம் அவ்வளவாகத் தேவையில்லை.

இன்றும் காற்று. ஆனால் தெற்கே தூரத்தில் இரண்டு பாய் தெரிந்தன. காற்றிலும் தோணிகள் ஓடத்தான் செய்கின்றன.

ஜூன் 19, சனி

இருமல் செத்துக்கொண்டிருந்தது. பதினான்கு வயது என்றார்கள், ஆட்டுக்கு அது மிகப் பெரிய வயது. "இன்னைக்குப் போயிருவ" என்று காமாலை அதன் முகத்துக்கு நேரே சொன்னது. நான் அதிர்ந்துபோனேன். "எனக்கும் அப்படித்தான் படுது" என்றது இருமல். கொழுந்து இலை கொண்டுவந்து வாயருகே போட்டார்கள். மூன்று மூன்று பேராக மாறி மாறி அதைச் சுற்றி நின்று காற்றை மறைத்தார்கள். பகல் முழுவதும் நின்றார்கள். மேயவில்லை. என்னையும் ஒரு முறை நிற்கச் சொன்னார்கள். குடையை விரித்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்குச் செத்தது. உடனே எல்லாம் மேயப் போய்விட்டன.

"ஒரு ஜெபம்கூட இல்லயா?" என்று காமாலையைக் கேட்டேன்.

"செத்த பொறவு நின்னு என்ன செய்ய? இருக்கும்போதே நின்னோம்ல. உங்க ஊர்ல எப்படி?"

என் மாமியாரின் அடக்கத்தைச் சொன்னேன். மூன்று சாமியார்கள், பாண்டு வாத்தியம், தேக்குப் பெட்டி. ஊரே வந்தது. இன்றும் பேசுவார்கள்.

"சாகும்போது யாரு நின்னா?"

மாமியார் பின்கட்டு அறையில் இருந்தாள். எப்போது என்று சரியாகத் தெரியாது. காலையில் காப்பி கொண்டுபோன வேலைக்காரிதான் பார்த்துச் சொன்னாள். முந்தின நாள் நான் வேலையாக இருந்தேன். கஸ்பார் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. அறைக்கதவைச் சாத்தி வைத்திருந்தோம், வந்தவர்களுக்கு இருமல் சத்தம் கேட்க வேண்டாமென்று.

காலையில் பதில் சொல்கிறேன் என்றேன். அதற்கு அனுமதி இருக்கிறது.

ஜூன் 20, ஞாயிறு

பூசை இல்லாத ஞாயிறு. என் நினைவில் இது முதல். கோயிலில் ஜெபமாலை சொன்னேன். ஐந்து ஆடுகள் உள்ளே படுத்திருந்தன. விரட்டவில்லை.

காமாலைக்குப் பதில் சொன்னேன். "யாரும் நிக்கல" என்றேன். அது தலையை ஆட்டிவிட்டு மேய்ந்தது. திட்டவில்லை, தேற்றவும் இல்லை. வீட்டில் யாராவது இப்படிக் கேட்டுவிட்டு நகர்ந்திருந்தால் நான் மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன்.

நானே கேட்டேன்: "ஒருத்தி இருக்கதால வீட்டுல சமாதானம் இல்லன்னா, தப்பு யார் மேல?"

காலையில் சொல்கிறோம் என்றார்கள். மதியம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவர் தன்மேல் பிழையில்லை என்று எவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தாலும், இருபத்துநாலு பேர் அதையே இரவெல்லாம் மெல்லப்போகிறார்கள் என்பது சுகமான நினைப்பல்ல.

வீட்டில் நான் செய்தவற்றை எழுதிப் பார்க்கிறேன். ஜெசிந்தாவின் தமிழ் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். அவை அவள் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். லில்லி இடது கையால் எழுதினால் அடித்தேன். விருந்தாளிகள் முன்னால் கஸ்பாரின் சம்பளத்தை அவன் அப்பாவின் வருமானத்தோடு ஒப்பிட்டேன். சமையலறையில் ஜெசிந்தா பாடிக்கொண்டிருப்பாள், என் கைத்தடிச் சத்தம் கேட்டால் நின்றுவிடும். அவள் குரல் நன்றாகத்தான் இருக்கும். நான் அதை ஒருபோதும் சொன்னதில்லை.

எல்லாம் உண்மை. எதிலும் பொய் இல்லை. நான் பொய் பேசுகிறவள் அல்ல, கக்குவான் இருமல் நீங்கலாக.

ஜூன் 21, திங்கள்

பதில் கிடைத்தது. வழக்கு சொன்னது:

"யாரு மேல தப்புன்னு பாக்கதில்ல நாங்க. ஒண்ணு போனதும் மத்ததெல்லாம் நல்லாத் திங்குதா, நல்லாத் தூங்குதா, அதப் பாப்போம். தின்னா, போனது சரி. திங்கலன்னா, அது போயிருக்கக் கூடாது. நீ அங்க போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

ஒரு நீதிபதியின் முன்னால் நிற்பதைவிட இது மோசம். நீதிபதியிடம் நம் பக்கத்தைச் சொல்லலாம்.

ஜூன் 22, செவ்வாய்

தண்டல் சந்தியாகு வந்தார், என்னைத் தேடியல்ல, விறகு வெட்ட. எங்கள் தோணியை ஓட்டியவர் அவரேதான். என்னைப் பார்த்ததும் கோடாரியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அம்மா, நீங்க மடத்துலல்லா இருக்கிய."

"யார் சொன்னா?"

"ஐயா வீட்டுல. பொதன்கெழம மீன் குடுக்கப் போனேன். அம்மாவ எங்கன்னு கேட்டேன். மடத்துல தியானத்துக்கு இருக்காவன்னு சொன்னாவ."

"யாரு சொன்னது, கஸ்பாரா, ஜெசிந்தாவா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார். நல்ல மனிதர். நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கு ஐயா நாலு தலன்னாரு. நான் எண்ணல. எண்ணியிருக்கணும்" என்று மூன்று முறை சொன்னார். நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார்.

ஆடுகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். விடைபெறும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஊற்றில் இன்னும் ஓர் இடம் கூடியதால் சினையாக இருந்த தலைப்பிரசவத்துக்கு நல்லதாயிற்று என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. காமாலை மட்டும் மணல் மேடு வரை நொண்டி வந்தது.

"வேண்டுதல் பலிச்சுதான்னு கேளு" என்றது. "பலிச்சிருந்தா அந்த வூட்டுல நிக்காத. குடுத்தத திருப்பி எடுக்கது ஞாயமில்ல. எடுக்க விடுதவளுக்கும் ஞாயமில்ல."

"பலிக்கலன்னா?"

"போய்ச் சோறு தின்னு."

தண்டல் தோணியிலிருந்து "யார்ட்டம்மா பேசுதிய?" என்றார். "தெரிஞ்சவங்ககிட்ட" என்றேன்.

ஊர்க்கரையில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராக இங்கே வந்தேன். மடத்தில்தான் இருக்கிறேன் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்களே. அது பொய்யாக வேண்டாம்.

ஜூன் 25, வெள்ளி

நேற்று மாலை கஸ்பாரும் ஜெசிந்தாவும் வந்தார்கள். ஆறு ஆப்பிள். கஸ்பார் மெலிந்திருக்கவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. சிஸ்டர்மாரு தோணியில ஏறியிருப்பியன்னு நெனச்சோம். கோவத்துல மடத்துல தங்கிட்டியன்னு."

"மடம் நம்ம வீட்டுலேருந்து எத்தன தெரு?"

"ரெண்டு" என்றான், தரையைப் பார்த்து.

ஜெசிந்தா தரையைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "நாலாம் நாளு போய்க் கேப்போம்னு சொன்னேன் மாமி. இவிய நாளைக்குன்னாவ. நானும் சரின்னுட்டேன். மறுநாளும் அப்படித்தான்" என்றாள்.

என் வீட்டார் இதுவரை எனக்குச் சொன்னவற்றில் இது ஒன்றுதான் பூச்சில்லாமல் வந்தது. அவள்மீது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆடு எங்க?" என்றேன்.

கஸ்பார் சொன்னான்: "நேர்ச்சை திரும்பி வந்தா வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னாவ. ஞாயித்துக்கெழம அறுத்து நாலு பேருக்குக் குடுத்தோம். லில்லி திங்கல. அழுதா."

ஆக, சமாதானத்தைச் சமைத்தும் சாப்பிட்டாயிற்று.

"வாங்கம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றான். மாலையில் கேட்டதற்குக் காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் படியிறங்கும்போது, அன்றைய கறிக்குச் சோறு வெந்திருந்ததா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

காலை ஆகிவிட்டது. பதில் இது.

கஸ்பாருக்கு,

இந்தப் படியை முதலிலிருந்து கடைசி வரை படி. ஜெசிந்தாவும் படிக்கட்டும். நீ கரையைப் பார்த்தபோது என்னைக் கண்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. கண்டாய். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

ஒரே கேள்வி. பதின்மூன்றாம் தேதி அந்தியிலிருந்து இருபத்திரண்டாம் தேதி வரை வீட்டில் சமாதானம் இருந்ததா? லில்லி எந்தக் கையால் எழுதினாள், சாப்பாட்டு மேசையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினீர்கள், நீ எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வீடு திரும்பினாய், இவற்றையெல்லாம் யோசித்து எழுது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒரு வரியும் சேர்க்காதே. பயந்தும் எழுதாதே. ஆட்டுக்கறி தின்ற ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இல்லை என்றால், திங்கட்கிழமை காலை வந்து என்னை அழைத்துப் போ. இருந்தது என்றால், வர வேண்டாம். மடத்துத் தலைவி மதரிடம் பேசிவிட்டேன். இங்கே பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது.

யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். இருவரும் கையெழுத்திட்டு, பதிலை எழுத்தில் அனுப்பவும்.